பாரிஸ், மிலான், எண்ணூர்

விம்கோ நகர் மெட்ரோ நிலையத்தில் நான் இறங்கியபோது காலை எட்டு மணி பத்து நிமிடம். கையில் உறையிட்ட புகைப்படம் ஒன்று இருந்தது. அதில் இடம்பெற்றுள்ள அஞ்சலை என்ற பெண்மணியிடம் அதனை நேரில் அளிப்பதே பயணத்தின் நோக்கம்.

விலையுயர்ந்த கைப்பைகளின் விளம்பரங்களை எள்ளி நண்பர் ஒருவர் எடுத்த படங்கள் சென்ற மாதம் முதல் இராயபுரத்துப் பழைய கிடங்கொன்றில் காட்சியில் உள்ளன. அவற்றுள் பலரும் பேசியது இப்படத்தையே. எண்ணூர் ஆற்றின் சாம்பல் நிற நீரில் மார்பளவு நின்று கையால் இறால் பிடிக்கும் அஞ்சலை, பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பற்களால் கவ்வியிருக்கிறார். பறியின்மேல் அக்கைப்பைகளில் உள்ளதுபோல் பொன்னிற முத்திரை. அடியில், 'பாரிஸ், மிலான், எண்ணூர்' என்ற வாசகம். அது என்னுடையது. கல்லூரியில் நெடுங்காலம் தமிழ் கற்பித்த நான் எழுதியவற்றுள் அதிகம் பாராட்டப்பட்டவை அம்மூன்று சொற்கள்தாம்.

எண்ணூருக்கு ஷேர் ஆட்டோவில் முப்பது ரூபாய். இறால் பிடிப்பவர் ஒருவரைக் காணச் செல்வதாக ஓட்டுநரிடம் கூறினேன்.

"வாங்கிடாத நைனா," என்று தம் கைபேசியை நீட்டினார். "தண்ணிய பாரு, இன்னா கலீஜா கீது."

என் வாசகத்துடன் அதே படம். உடன் வந்த பெண்கள் இருவரும் எட்டிப் பார்த்து முகம் சுளித்தனர். பொன் முத்திரையை எவரும் குறிப்பிடவில்லை.

ஒன்பது மணிக்கு ஆற்றங்கரையில் அஞ்சலையைக் கண்டேன். எட்டு மணிக்குள் விற்றுத் தீர வேண்டிய இறால் அலுமினியத் தட்டில் குவியலாகக் கிடந்தது. படத்தை நீட்டினேன். வாங்காமல் குனிந்து பார்த்தார். கேலி செல்வந்தர்களைக் குறித்தது, அவரைக் குறித்ததன்று என்று விளக்க முற்பட்டேன்.

"அதெல்லாம் புரியுது சார். பையப் பாத்து எவன் சிரிச்சான்? எல்லாரும் தண்ணியத்தான் பாத்துகினு கீறாங்க."

பத்து நாளாக வழக்கமாக வாங்குவோர் ஒருவரும் கரைக்கு வரவில்லை என்றார். ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்தது அவரால் அன்று. ஆனால் விற்பனை நின்றது அவருக்குத்தான்.

"ஊர் பேர மட்டும் எட்த்துடு சார். வேற எந்த ஊரையாச்சும் போட்டுக்கோ."

அச்சொல்லை நீக்கினால் வாசகமே இல்லை. அதற்காக நான் தயங்கினேன் என்பதை எழுத நாணுகிறேன். பின்னர் நண்பரைத் தொலைபேசியில் அழைத்தேன். சுவரிலிருந்து அன்றே எடுத்துவிடலாம், கைபேசிகளில் பரவியதை எவராலும் எடுக்க இயலாது என்றார். அதை அஞ்சலையிடம் சொன்னேன். பிடிக்கிறது வூட்டுக்காவது ஆகும் என்று முணுமுணுத்துவிட்டு, பறியைப் பற்களில் கவ்விக்கொண்டு நீரில் இறங்கினார். அதன்பின் அவரால் பேச இயலாது.

படம் என்னுடனேயே திரும்பியது. மாலை ஐந்து மணிக்கு அண்ணா நகரில் எங்கள் தெருமுனையில் மீன் வண்டி நின்றிருந்தது. வண்டிக்காரர் தாமாகவே சொன்னார்:

"எண்ணூர் இறா இல்ல சார், தைரியமா வாங்குங்க."