குழாய்க்குள் ஒரு நாடா

உலகத்தில் வீட்டை விட்டுப் போகிறவர்கள் பாதிப்பேர் எங்கள் ஊருக்குத்தான் வருகிறார்கள். திருவண்ணாமலைக்காரர் ஒருவர் வீட்டை விட்டுப் போவதென்றால் எங்கே போவார் என்பது ஐந்தாம் வகுப்பில் எனக்கு விளங்காத கேள்வியாக இருந்தது. ஐப்பசிப் பௌர்ணமியன்று அப்பா செருப்பை வாசலில் விட்டுவிட்டு மலை சுற்றக் கிளம்பினார். தெருவில் எல்லோரும் அப்படித்தான் போனார்கள், மறுநாள் வந்து செருப்பை மாட்டிக்கொண்டார்கள். கார்த்திகை தீபம் வந்து போய், கொப்பரையை மலையிலிருந்து இறக்கியும் ஆயிற்று. அப்பா வரவில்லை. காவி கட்டிக்கொண்டு காசியில் நின்றதாக ஒருவர் சொன்னார், ரயிலில் பார்த்ததாக இன்னொருவர். அம்மா இரண்டு பேருக்கும் காபி கொடுத்து அனுப்பினாள்.

அப்பா விட்டுப்போனவற்றில் ஊரார் கண்ணில் பட்டது அவருடைய சைக்கிள். செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஒரு விடுதியில் அவருக்குத் தோட்டவேலை. அங்கே வெகுநாள் இருந்த ஒரு வெள்ளைக்காரம்மா ஊருக்குத் திரும்பும்போது அதை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். லேடீஸ் வண்டி, நடுக்குழாய் தாழ்வாக வளைந்திருக்கும். அப்பாவோ பனைமரம். சீட்டை முடிந்தமட்டும் உயர்த்தி வைத்துக்கொண்டு, பொம்பளை வண்டி என்று கேலி செய்கிறவர்களுக்கு நடுவே கூச்சமில்லாமல் ஓட்டினார். கேலி அதிகமானால் வண்டியை நிறுத்தி இரண்டு அதிசயங்களைக் காட்டுவார். சீட்டை ஏற்றி இறக்க ஸ்பேனர் வேண்டாம், ஒரு கொக்கியைத் தள்ளினால் போதும். பின்பிரேக் ஒயர் வெளியே தெரியாது. ஹேண்டில்பாருக்குக் கீழே ஒரு துளையில் நுழைந்து, குழாய்க்குள்ளேயே ஓடி, சீட்டுக்குக் கீழே இன்னொரு துளையில் வெளியே வரும். "நரம்பு உள்ளதானே இருக்கணும்" என்பார் பெருமையாக.

அந்த வருஷத்து மழையில் நனைந்து துருப்பிடித்து, அந்த நரம்பு அறுந்துபோயிற்று.

எனக்கு அது பெரிய துக்கம். அப்பா வரும்போது வண்டி ஓடும் நிலையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கோபித்துக்கொண்டு மறுபடி போய்விடுவார் என்று நான் உறுதியாக நம்பினேன். அம்மாவின் கவலை வேறு. வேங்கிக்காலில் புதிதாக வந்திருந்த பெண்கள் விடுதியில் சமையலுக்கு ஆள் கேட்டிருந்தார்கள். விடிகிறபோது அங்கே அடுப்பு எரிய வேண்டும், அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு எப்படிப் போவாள் என்று நான் யோசிக்கவில்லை. அம்மாவுக்கு சைக்கிள் விடத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வந்தார். அப்பாவின் தம்பி, எல்லாம் தெரிந்த ஏகாம்பரம்.

"வண்டி சும்மாதானே கெடக்குது அண்ணி. எங்க வீட்டுப் பாப்பா ஸ்கூலுக்கு ஓட்டிக்கும். நானே ரிப்பேர் பண்ணி எடுத்துக்கிறேன்" என்றார்.

அம்மா பதில் சொல்வதற்குள் அறுந்த ஒயரின் தலையைப் பிடித்து ஒரே இழுப்பில் உருவிவிட்டார். சரசரவென்று துருப்பொடி உதிர, ஒயர் முழுசாக வெளியே வந்தது. அதை ஒரு பாம்பைப் பிடித்தவர்போலத் தூக்கிக் காட்டவும் செய்தார். அப்புறம் புது ஒயரை மேல் துளையில் விட்டுத் தள்ளினார். போயிற்று. தள்ளத் தள்ளப் போயிற்று. கீழ்த் துளையில் மட்டும் எதுவும் எட்டிப் பார்க்கவில்லை. வண்டியைக் கவிழ்த்தார், குலுக்கினார், துடைப்பக் குச்சியால் குடைந்தார். மத்தியானச் சாப்பாடு வரைக்கும் இதே வேலை.

"பாவாட நாடாவ இப்டி உருவ மாட்டாங்க தம்பி" என்றாள் அம்மா. "பழசு முனையில புதுச முடிஞ்சிட்டு இல்ல இழுக்கணும்."

சித்தப்பாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. "இது ஆவாது அண்ணி. இதுவும் அண்ணன் மாதிரிதான். உள்ள போனது வெளிய வரல." சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். சாப்பிட்டுவிட்டு, வண்டியைக் கேட்காமலே போய்விட்டார்.

அம்மா கொஞ்ச நேரம் அந்தத் துளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாடா உருவிக்கொண்ட பாவாடை என்றால் வழி உண்டு. ஊக்கில் நாடாவை மாட்டி உள்ளே விட்டு, துணிக்கு மேலாக விரலால் தடவித் தடவித் தள்ளிக்கொண்டே போகலாம். குழாயைத் தடவி என்ன பிரயோசனம்? திடீரென்று எழுந்து உள்ளே போனாள். அப்பாவின் ரேடியோவோடு வந்து, அதன் முதுகை அரிவாள்மனைக் கட்டையால் ஓங்கி அடித்துப் பிளந்தாள்.

தொட்டாலே திட்டு விழுகிற ரேடியோ அது. "அப்பா வந்தா திட்டுவாரும்மா" என்றேன்.

"வந்து திட்டட்டும்" என்றாள் அம்மா.

அவளே சொல்லிவிட்டாள், அப்பா வரப்போகிறார் என்று எனக்குச் சந்தோஷமாகிவிட்டது.

ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தைப் பெயர்த்தெடுத்தாள். தையல் ஊசியில் நீளமாக நூல் கோத்து, ஊசியை மேல் துளைக்குள் போட்டாள். அந்த வண்டி அலுமினியம், காந்தம் அதில் ஒட்டாது. ஆனால் உள்ளே இருக்கிற ஊசி வெளியே இருக்கிற காந்தத்தின் பின்னால் வந்தது. டிக் டிக்கென்று அது நகர்வது கேட்டது. நழுவி விழுந்தால் மறுபடி முதலிலிருந்து. நான் நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருந்தேன். சாயங்காலம் கீழ்த் துளையில் ஊசிமுனை மினுக்கென்று எட்டிப் பார்த்தபோது அம்மா அதைப் பல்லால் கடித்து இழுத்தாள். நூலின் மறுமுனையில் புது ஒயரை முடிந்து, முடிச்சின் மேல் மெழுகுவர்த்தியைச் சொட்டவிட்டு, பதமாக இழுக்க ஒயர் குழாய்க்குள் ஊர்ந்து வந்து வெளியே தலை நீட்டியது. நான் கை தட்டினேன். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். துரு பட்டுக் கண் எரிகிறது என்றாள்.

பிரேக்கை மாட்டியதும் அவள் செய்த முதல் காரியம், கொக்கியைத் தள்ளிச் சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கியது. எனக்குப் பிடிக்கவில்லை. மறுநாளிலிருந்து அவள் அதில்தான் வேலைக்குப் போனாள். அதுவும் பிடிக்கவில்லை. வண்டி அப்பாவுடையது, அவர் வந்து உட்கார்ந்தால் முழங்கால் இடிக்குமே. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு ஒரு சாயங்காலம் அம்மா சமைத்துக்கொண்டிருக்கும்போது, வாசலில் நின்ற வண்டியின் சீட்டை அப்பாவின் உயரத்துக்கு ஏற்றி வைத்துவிட்டுச் சமர்த்தாக வந்து படித்தேன்.

விடியற்காலையில் அம்மா வாசற்கதவைத் திறக்கும் சத்தத்தில் அரைத்தூக்கமாக விழித்தேன். சத்தம் அப்படியே நின்றுவிட்டது. பிறகு அவள் வேகமாக உள்ளே வந்தாள். விளக்கைப் போடாமல் கூடத்தைப் பார்த்தாள், அடுக்களையைப் பார்த்தாள், பின்கதவைத் திறந்து கிணற்றடியைப் பார்த்தாள்.

"வந்துட்டீங்களா?" என்று இருட்டைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்.

பால்காரரிடம் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் திரும்பிப் படுத்துவிட்டேன்.