பின்னாலிருந்து கூப்பிட்டேன்

நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். எதற்கெடுத்தாலும் பயப்படுவேன். என் மகள் யாழினி அப்படியில்லை.

துபாயிலிருந்து லீவில் வந்த என் கணவர், பட்டுக்கோட்டை பக்கம் தென்னந்தோப்புக்குள் இருக்கும் ஒரு ரிசார்ட்டுக்கு எங்களைக் கூட்டிப்போனார். அங்கே உயரமான மேடையிலிருந்து கம்பியில் தொங்கியபடி மரங்களுக்கு மேலே பறந்து போகும் ஜிப்லைன் இருந்தது. "நான்தான் முதல்ல!" என்று யாழினி பெல்ட்டை மாட்டிக்கொண்டு துள்ளிக்கொண்டே படியேறினாள்.

மேடை விளிம்பில் நின்றவளை, என்னையறியாமல், "யாழினி, கம்பியைப் பாத்துடி!" என்று கூப்பிட்டுவிட்டேன். கிளம்புகிறவர்களைப் பின்னாலிருந்து கூப்பிட்டால் ஆகாது என்பார்கள் எங்கள் வீட்டில். உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும்.

"இறங்கி வா! தண்ணி குடிச்சிட்டுப் போ!"

"அந்தப் பக்கமும் தண்ணி இருக்குக்கா" என்று வரிசையில் நின்ற ஒருவர் சிரித்தார்.

"மேல நிக்கிற புள்ள மனச ஏன்டி கலைக்கிற?" என்றார் கணவர்.

நான் விடவில்லை. இறங்கி வந்தவள் என் பக்கத்தில் உட்கார்ந்து குடித்தாள். நான் அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தாள். பிறகு மேடையை நிமிர்ந்து பார்த்தாள்.

"கம்பி அறுந்துடுமாம்மா?"

"இன்னும் ஒரு வாய் குடி" என்றேன். அவள் பெல்ட்டைக் கழற்றிவிட்டாள்.

திரும்பும்போது கார் கால்வாய்ப் பாலத்தில் ஏறியது. தினமும் ஸ்கூல் வேனில் அவள் பாடிக்கொண்டே கடக்கிற பாலம். "அப்பா, மெதுவா போங்க. பாலம் தாங்குமா?" என்றாள்.

என் பயம் என்னோடு போய்விடும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.