சண்டைக்கார மீனுக்குத் துணை

மிளகு பறிக்க ஏறிய ஏணியிலிருந்து என் வீட்டுக்காரர் விழுந்த பிறகு, அவர் கட்டிலை விட்டு எழுந்ததெல்லாம் ஒரு மீனுக்காகத்தான். எனக்காக எழவில்லை. நான் கூப்பிட்டால் "சரி" என்பார். சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். மீன் தொட்டியில் காற்று மோட்டார் சத்தம் கொஞ்சம் மாறினால் போதும், கையை ஊன்றி எழுந்துவிடுவார். அந்த மீன்மேல் எனக்குப் பொறாமையும் இருந்தது, அது செத்துவிடக் கூடாதே என்ற பயமும் இருந்தது. பயம்தான் பெரிது.

இடுப்பெலும்பு கூடிவிட்டது, இனி நடந்து பழக வேண்டியதுதான் பாக்கி என்று சேலத்து டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் இவர் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்தார். தட்டில் போட்டதில் பாதி அப்படியே திரும்பி வரும். "ஆளுக்கு வாழ ஆசை இருக்கோணும்மா, அதுக்கு எங்கிட்ட மருந்து இல்ல" என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். அதைக் கேட்டுவிட்டு மலைக்குத் திரும்பிய பஸ்ஸில், கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பக்கத்து சீட்டு அம்மாள் எனக்கு வாந்தி வருகிறது என்று நினைத்து எலுமிச்சம்பழம் கொடுத்தார். வாங்கி முகர்ந்துகொண்டேன்.

அந்த மீனும் அன்று எங்களோடுதான் பஸ்ஸில் வந்தது, காற்றடைத்த பிளாஸ்டிக் பைக்குள். ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த மீன் கடையில், உருண்டையான ஒரு மீன் கண்ணாடியோரம் வந்து நின்று இவரையே பார்த்தது. ஒரு கண்ணை இந்தப் பக்கமும் இன்னொரு கண்ணை அந்தப் பக்கமும் உருட்டியது. "இது என்னயப் பாக்குதுபுள்ள" என்றார். விழுந்ததிலிருந்து அவர் வாயில் வந்த முதல் முழு வாக்கியம் அது. உடனே வாங்கிவிட்டேன்.

"இது பஃபருங்க்கா. தனியாத்தான் வெக்கோணும். கூட எதப் போட்டாலும் கடிச்சுரும்" என்று கடைக்காரர் சொல்லித்தான் கொடுத்தார். நாங்கள் அதை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டோம். எங்கள் மலையில் யாரும் ஒற்றை உயிரை வளர்க்க மாட்டார்கள். சந்தையில் ஒரே ஒரு ஆடு வாங்கி வந்தால் அது இரை எடுக்காமல் கத்திக்கொண்டே கிடக்கும். பக்கத்து வீட்டுக் குட்டியை இரவல் வாங்கியாவது அருகில் கட்டுவோம். கட்டியதும் கத்தலை நிறுத்தி மேயத் தொடங்கும். மீன் மட்டும் என்ன, அதுவும் உயிர்தானே என்று இருவருமே நினைத்தோம்.

முதலில் கப்பி மீன்கள் வாங்கிப் போட்டேன். விடிந்து பார்த்தால் ஒன்றுக்கும் வால் இல்லை. அடுத்து மோலி. அதற்கடுத்து, பஃபரைவிடப் பெரியதாய் இருந்தால் பயப்படும் என்று ஒரு கோல்டு ஃபிஷ். அதற்குக் கண்ணே போயிற்று. செத்த மீன்களை வாழை மரத்தடியில் புதைத்துப் புதைத்து எனக்கு அலுத்துவிட்டது. இவர் தொட்டியின் முன்னால் உட்கார்ந்து, "இதும் என்னயாட்டந்தான். யாரோடயும் ஆவாது" என்றார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. சேவல் கூவத் தாமதித்தால் சேவலோடு சண்டை போட்ட மனிதர் அவர். கூடப் பிறந்த தம்பியோடு பேச்சு நின்று பல வருடம். இரண்டு தோட்டத்துக்கும் நடுவே ஒரு சில்வர் ஓக் மரம். மரம் தம்பியின் பக்கம், அதில் ஏறிய மிளகுக் கொடியின் வேர் எங்கள் பக்கம். அந்தக் கொடியில் காய்ப்பதை யார் பறிப்பது என்று தொடங்கிய சண்டையில் இரண்டு குடும்பமும் ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு ஒருவர் போகாமல் ஆயின. விழுந்து படுத்த பிறகு இவர் குரலே உயரவில்லை. "விழுந்ததுல ஆளு திருந்திட்டாப்ல" என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். உண்மையைச் சொன்னால், முதல் சில நாள் எனக்கும் வீடு அமைதியாக இருந்தது பிடித்திருந்தது. போகப் போக, இவர் ஒரு தடவை கத்தமாட்டாரா என்று இருந்தது.

"இன்னொன்னப் போட்டுப் பாக்கலாம்புள்ள" என்று கெஞ்சுவார். அவர் என்னிடம் கெஞ்சிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த மீன் ஒரே ஒரு மீனோடாவது ஒத்துப்போய்விட்டால் தானும் பிழைத்துக் கிடக்கலாம் என்று மனிதர் உள்ளுக்குள் பந்தயம் கட்டியிருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. எப்படியாவது இதை ஜெயிக்க வைத்துவிடு என்று வேண்டாத சாமி இல்லை. மீனுக்காக வேண்டிக்கொள்கிறேன் என்று யாரிடம் சொல்ல முடியும்?

கடைசியில் வயலுக்குக் கீழே ஓடும் ஓடையில் இறங்கி, துண்டு விரித்து அயிரை மீன் பிடித்து வந்தேன். தொட்டியில் மணல் கொட்டி விட்டதும் அவை உள்ளே புதைந்துகொண்டன. ஒரு வாரம் போயிற்று, ஒன்றும் சாகவில்லை. பிறகு மணலை விட்டு வெளியே வந்து பஃபரின் வயிற்றை உரசிக்கொண்டே நீந்தின. அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இவர் சிரித்தார். சிரித்துவிட்டு, என் போனை வாங்கித் தம்பிக்குப் பேசினார்.

என் கொழுந்தனார் மனைவியோடு வந்தார். கையில் பலாப்பழம். அண்ணனும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை, இருவரும் மீனைத்தான் பார்த்தார்கள். "அண்ணி, மீனுக்கே புத்தி வந்துருச்சுங்க" என்றார் கொழுந்தனார். அன்று இவர் தட்டில் எதுவும் மிச்சம் வைக்கவில்லை. நான் அடுப்படியில் நின்று அந்த வெறும் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதற்குப் பிறகு கொழுந்தனார் ஞாயிறுதோறும் வந்தார்.

மீனின் வயிறு ஒட்டியிருந்ததைக் கவனித்தது நான்தான். கோழி ஈரலை நறுக்கிப் போட்டால் வாய் வைக்கும், கீழே விட்டுவிடும். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மண்டியிட்டு உற்றுப் பார்த்தேன். மேல் பல்லும் கீழ்ப் பல்லும், வெட்டாமல் விட்ட கால் நகம் போல ஒன்றன்மேல் ஒன்று வளர்ந்து வாயை மூடியிருந்தன. ஒரு கேழ்வரகு நுழையும் அளவுக்குக்கூட வாய் திறக்கவில்லை. சேலத்துக் கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"நத்தை போடறீங்களாக்கா?" என்று கேட்டார்.

வயல் காய்ந்ததிலிருந்து நத்தை கிடைக்கவில்லை, ஈரல்தான் என்றேன்.

"ஓட்டக் கடிச்சாத்தான் அதுக்குப் பல்லு தேயும். இப்பப் பல்லு வளந்து வாயி அடைச்சுப் போயிருக்குது."

"கூட இருக்கற மீனோட சமாதானமா இருக்குதுங்களே?"

"சமாதானமெல்லாம் இல்லீங்க்கா. கடிக்க முடியாம இருக்குது. பட்டினி கெடக்குது."

பல்லை வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் சீக்கிரம் போய்விடும் என்றார். எப்படி வெட்டுவது என்றும் சொன்னார். வெட்டினால் பழையபடி கடிக்கும், அயிரையை முதலிலேயே எடுத்துவிடுங்கள் என்றும் சொன்னார். போனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பல்லை வெட்டினால் மீன் தனியாகிவிடும், இவர் சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவார். வெட்டாவிட்டால் மீன் செத்துவிடும், இவரும் அதன் பின்னாலேயே போய்விடுவார். எந்தப் பக்கம் காலை வைத்தாலும் எனக்குப் பள்ளம்தான்.

மறைக்கத் தெரியாமல் அவரிடமே சொன்னேன். கையை ஊன்றி எழுந்து தொட்டி முன்னால் போய் உட்கார்ந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "உட்ருபுள்ள. இப்பத்தான் நாலு பேரோட நிம்மதியா இருக்குது. இப்படியே போயிட்டுப் போவுது."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "பட்டினி கெடந்து சாவறதுக்குப் பேரு நிம்மதியாங்க? நல்லவன்னு பேரு வாங்கறதுக்கு வாயக் கட்டிக்கிட்டுச் சாகோணுமா? நான் மீனச் சொல்லலீங்க. உங்களத்தான் சொல்றேன்!" ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். நான் செம்மேடு கடைவீதிக்குப் போய் மெடிக்கலில், மீனை மயக்க அந்தக் கடைக்காரர் சொன்ன கிராம்புத் தைலம் வாங்கி வந்தேன்.

தொட்டித் தண்ணீரையே ஒரு பேசினில் மொண்டு, தைலத்தில் சில சொட்டு கலக்கி மீனை விட்டேன். கொஞ்ச நேரத்தில் பக்கவாட்டில் சாய்ந்து அடியில் போய்ப் படுத்தது. ஈரத் துணியை அவர் மடியில் விரித்து, "புடிங்க" என்றேன். மாட்டேன் என்பதுபோல் கையை உள்ளே இழுத்தார். "புடிங்கன்னு சொல்றன்ல!" பிடித்தார். நகவெட்டியை வாயோரம் வைத்து அழுத்தினேன். 'டக்' என்று ஒரு துண்டு தெறித்தது. இன்னொரு தடவை அழுத்தினேன், கீழ்ப் பல்லும் தெறித்தது. கை நடுங்கினால் உதடு போய்விடும் என்று நினைத்து நினைத்து எனக்கு வியர்த்து ஊற்றியது.

அப்படியே தொட்டியில் விட்டோம். அசையவில்லை. அவர் முழங்கை வரை தண்ணீரில் விட்டு, மீனின் முகத்துக்கு நேரே தண்ணீரைத் தள்ளித் தள்ளி விட்டுக்கொண்டிருந்தார். "போச்சுபுள்ள" என்றார். இவரையும் சேர்த்துக் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். அப்போது செவுள் ஒரு தடவை திறந்து மூடியது. அப்புறம் இன்னொரு தடவை. ஒரு கண் உருண்டு அவர் பக்கம் திரும்பியது.

ஊற்றோரச் சேற்றில் தடவி எடுத்து வைத்திருந்த ஒரு பொடி நத்தையைப் போட்டேன். மீன் வெகுநேரம் அதைப் பார்த்தது. பிறகு கவ்வியது. ஓடு நொறுங்கிய சத்தம் கண்ணாடிக்கு வெளியே எங்களுக்குக் கேட்டது. அவர் ஈரக் கையோடு என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

பல்லை வெட்டும் பதற்றத்தில் அயிரைகளை முதலிலேயே எடுக்க மறந்துவிட்டோம், அவை மணலுக்குள் இருந்தன. நத்தை வாசனைக்கு ஒன்று வெளியே வந்தது. பஃபர் திரும்பியது.

"பக்கெட்டு! பக்கெட்ட எடுத்துட்டு வாடி! மரமாட்டம் நிக்கறா பாரு!"

அவர் எழுந்து நின்றிருந்தார். வலையைத் தொட்டிக்குள் விட்டு மணலைக் கலக்கிக்கொண்டிருந்தார். நான் அடுப்படிக்கு ஓடினேன். பக்கெட்டைக் கையில் எடுத்தவள் அங்கேயே நின்றுவிட்டேன். அந்தக் குரலைக் கேட்டு எத்தனை காலமாயிற்று! கண்ணில் நீர் மறைத்தது, எதிரில் இருந்த தண்ணீர்க் குழாய்கூடத் தெரியவில்லை.

"காது என்ன செவிடா? மீனு செத்துப்போவுதுடி!"

"வாரனுங்க, கத்தாதீங்க!" என்று நானும் கத்திக்கொண்டே ஓடினேன்.