மேல வாங்க

பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் தோற்று, மறுதேர்வில் வென்றாள் என் தங்கை சந்திரலேகா. தேவனாம்பட்டினத்துப் பெண்ணுக்கு எதற்கு இந்தப் படிப்பு என்றவர்களை மீறி, சிதம்பரத்தில் தகவல்தொடர்புப் பொறியியல் முடித்தாள். நிலத்தடிச் சுரங்கங்களுக்கு வயர்லெஸ் அமைக்கும் கம்பெனியில், பெண்ணைக் கீழே அனுப்ப மாட்டேன் என்ற மேலாளரிடம் வாதாடி இறங்கினாள். நான் எட்டாவதோடு சரி. அவள் சொன்னதையும் என் வீட்டுக்காரர் சிலம்பரசன் சொன்னதையும் ஒத்துப்பார்த்தே எழுதுகிறேன்.

பாறையைத் துளைத்து ரேடியோ அலை அதிக தூரம் போகாது. அதனால் சுரங்கப் பாதை நெடுக ஒரு கேபிள் இழுப்பார்கள். அதன் மேலுறை வழியாக அலை கசியும். கேபிளை விட்டு விலகினால் வாக்கிடாக்கியில் குரல் மங்கிவிடும்.

மீன்பிடித் தடைக்காலத்தில் வடநாட்டுச் சுரங்கம் ஒன்றில் கேபிள் இழுக்க எங்கள் ஊர் ஆட்களைக் கூட்டிப்போனாள். என் வீட்டுக்காரரும் போனார். அன்று மற்றவர்கள் சாப்பிட ஏறிவிட, அவர் மட்டும் அடிப்பாதையில் இருந்தார். லேகா வெளியே, கட்டுப்பாட்டு அறையில்.

“லேகா, செவுத்துல தண்ணி பீச்சுது. ஜாஸ்தியாவுது.”

“கேபிள அப்படியே போட்டுட்டு மேல வாங்க மாமா.”

“வரேன்.”

வெளியேறும் வழி முழுக்கக் கேபிள் உண்டு. குரல் மங்கவே கூடாது. மங்கியது.

“எந்தப் பக்கம் போறீங்க மாமா?”

“நீதான மேல வரச் சொன்ன? மேலதான் போறேன். முழங்கால் தண்ணி.”

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. எங்கள் ஊரில் மேல என்றால் மேற்கு, கரை இருக்கும் பக்கம். சிதம்பரத்து மேலவீதி மேட்டிலா இருக்கிறது? படகு வயர்லெஸிலும் அதே சொல்தான். சுரங்கத்தின் மேற்குப் பாதையோ முட்டுச்சந்து. கேபிளும் அங்கே போகவில்லை. இன்னும் கொஞ்சம் நடந்தால் அவர் காதில் எதுவும் விழாது.

“நில்லுங்க மாமா. கரைப்பக்கம் வேணாம். கடல் பக்கம் திரும்புங்க.”

கரகரப்புதான் வந்தது. மறுபடி சொன்னாள். தமிழ் தெரியாத மேலாளர் மைக்குக்குக் கை நீட்டினார். அவள் தரவில்லை. மறுபடியும் சொன்னாள்.

“சொரங்கத்துல ஏதுடி கடலு?”

“கெழக்க மாமா. கெழக்கால வந்தா ஏத்தம் வரும், ஏறிடுங்க.”

“அத மொதல்லயே சொல்றதுக்கு என்னா?”

குரல் தெளிந்தது. இடுப்பளவு தண்ணீரில் நடந்து ஏற்றத்தைப் பிடித்தார்.

அதுவரை அவள் வேலைக்கெல்லாம் மேலாளர்தான் கையெழுத்திடுவார். மறுநாள் சுரங்க வாசலில் எங்கள் ஊர் ஆட்களுக்காகத் தமிழில் அறிவிப்பு ஒட்டினாள்: வாக்கிடாக்கியில் மேல, கீழ என்று யாரும் சொல்லக் கூடாது, மேற்கு, கிழக்கு, ஏறு, இறங்கு மட்டுமே. எழுதியவளே கையெழுத்திடட்டும் என்றார் மேலாளர். இட்டாள்: சந்திரலேகா, 28 மே 2024.