நாலு வெள்ளை வளையம்

இரும்புக்குப் பெயின்ற் அடிப்பேன். பலகைக்கு அடிப்பேன். சீமெந்துச் சுவருக்கு அடிப்பேன். ரப்பருக்கு அடித்தது ஒரு தடவைதான். நாலு ரயர். ஒவ்வொன்றும் நடுவில் ஓட்டை போட்ட சின்ன வடை அளவு.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. சுன்னாகத்துக்குக் கிட்ட எனக்கு ஒரு கொட்டில் இருந்தது. சைக்கிளுக்குப் பெயின்ற் அடிப்பேன், ரியூப்புக்கு ஒட்டுப் போடுவேன். பின்பக்கம் வீடு.

வாடகைக் கார் ஓடின அண்ணை ஒருவர் எங்கள் ஒழுங்கையில் ஓர் அறையில் இருந்தார். கீரிமலைப் பக்கத்துக்காரர். தொண்ணூறில் ஆமி வர, ஊரை விட்டுச் சனம் எழும்பி வந்தபோது அவரும் வந்தார், நடந்து. கார் வீட்டு வளவுக்குள் நின்றுவிட்டது; சாவி, எங்கள் பேச்சில் திறப்பு, மட்டும் அவரோடு வந்தது. மண்ணெண்ணெய் இருந்தது. ஆனால் மண்ணெண்ணெயில் ஓடுகிற காரையும் தொடக்கிவிட நாலு சொட்டுப் பெற்றோல் வேண்டும். பெற்றோலுக்குத் தடை; அன்றைக்கு அந்த நாலு சொட்டு இல்லை.

பிறகு எங்கேயோ கொஞ்சம் பெற்றோல் தேடி, பெனிசிலின் குப்பி ஒன்றில் விட்டு, மூடியை மெழுகால் அடைத்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். ஆமி ஊருக்குத் திரும்பிப் போக விட்டால் உடனே காரை எடுக்கலாம் என்று. குளிக்கும்போது மட்டும் அது வெளியில் வரும்.

நல்ல கார் அது. கறுப்பு. ரயர்களில் வெள்ளை வளையம். எங்கள் கலியாணத்துக்கும் அதுதான் ஓடியது.

புரட்டாசியில் ஒருநாள் ஒரு கடதாசிப் பெட்டியோடு வந்தார். ஜேர்மனியில் இருந்த மகன் அனுப்பியது. கொழும்பிலிருந்து வந்த ஒருவர் உடுப்புக்குள் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். உள்ளே அதே கார், சாண் நீளத்தில். துண்டு துண்டாக வந்ததை இரண்டு நாளில் பூட்டி முழுதாக்கிவிட்டார். ஒன்றுக்குள் ஒன்று இறுகும் மாதிரித் துண்டுகள். உடல் கறுப்பாகவே வந்திருந்தது. ரயர் மட்டும் தனியாக நாலு, மெத்தென்ற ரப்பரில். வளையம் இல்லை. பெட்டியில் இருந்த குட்டிப் பெயின்ற் போத்தல்கள் வழியில் எங்கோ போய்விட்டன.

"தம்பி, உதுக்கு வெள்ளை வளையம் போடவேணும்."

"போடலாம் அண்ணை."

"என்ரை காரிலை இருந்த மாதிரி. மொத்தமாயும் வேண்டாம், நூல் மாதிரியும் வேண்டாம்."

"எப்ப வேணும்?"

"ஆயுத பூசைக்கு. பன்ரெண்டு நாள் கிடக்கு. ரெண்டு வருசமாப் பலகையிலை திறப்பை மட்டும் வைச்சுக் கும்பிடுறன். வெறும் திறப்புக்கு எவ்வளவு காலம் சந்தனம் பூசுறது?"

எனக்கு விளங்கியது. பெரிய வேலையாகவும் தெரியவில்லை. சைக்கிளுக்கு அடிக்கிற வெள்ளைப் பெயின்றை எடுத்து இரண்டு கை பூசினேன். வடிவாக இருந்தது.

மூன்றாம் நாள் பார்த்தால் ஒரு ரயரில் பெருவிரல் அடையாளம்.

"உது ஆற்றை கைநாட்டு?" என்று மனைவியைக் கேட்டேன்.

"காய்ஞ்சிட்டுதோ எண்டு தொட்டுப் பாத்தனான்."

"பாத்து?"

"காயேல்லை."

பெயின்றைக் காயவிடாமல் ரப்பர் ஏதோ செய்தது. வெயிலில் வைத்தேன். ஐந்தாம் நாள் மேல்தோல் காய்ந்தது. சில்லில் போட ரயரைக் கொஞ்சம் இழுத்தேன். பெயின்ற் அவித்த முட்டைக் கோது மாதிரி வெடித்து மடியில் கொட்டியது. இரும்பு வளையாது. ரப்பர் வளையும். பெயின்றுக்கு அது தெரியாது. எனக்கும் அதுவரை தெரியாது.

மிச்சத்தைக் கழற்ற வேண்டும். அந்த நாளில் எங்களுக்கு எல்லாம் மண்ணெண்ணெய்தான். விளக்கு அதில், மோட்டார் சைக்கிள் அதில், கையில் பட்ட பெயின்றைத் துடைப்பதும் அதில். யோசிக்காமல் நாலு ரயரையும் ஒரு ஜாம் போத்தலில் மண்ணெண்ணெய் விட்டு ஊறப்போட்டேன்.

காலையில் பெயின்ற் கழன்றிருந்தது. ரயர்கள் தயிரில் ஊறிய வடை போலப் பொங்கியிருந்தன. சில்லில் போட்டால் கழன்று ஓடின.

அண்ணை வந்தார். ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"தம்பி, நான் காரெல்லோ கொண்டந்தனான். நீ லொறிக்கு ரயர் தாறாய்."

நான் மற்ற மூன்றையும் துணியால் துடைத்தேன்.

"சுருங்குமோ?"

"சுருங்கும் எண்டு நினைக்கிறன்."

"நினைக்கிறியோ, தெரியுமோ?"

"நினைக்கிறன்."

அவர் ரயரை வைத்துவிட்டுப் போனார். படலை தாண்டுமட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. பூசைக்கு இன்னும் ஆறு நாள். ரயர் சரிவராவிட்டால் இந்த வருடமும் திறப்புத்தான். அது என்னால் வந்ததாக இருக்கும்.

மனைவி நாலையும் நூலில் கோத்து உடுப்புக் கொடியில் தொங்கவிட்டாள்.

"எங்கடை கொடியிலை போட்டா எதுவும் சுருங்கும். உங்கடை சாரத்தைப் பாத்தாத் தெரியேல்லையே," என்றாள்.

நாலு நாள் காற்றில் ஆடின. மண்ணெண்ணெய் பறந்துபோக ரயர்கள் பழைய அளவுக்கு வந்தன. சில்லில் இறுகவும் செய்தன. ஆனால் பூச வழி தெரியவில்லை.

அன்று ஒரு ரியூப்புக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒட்டுக்குப் பூசுகிற சொலூசன் எப்போதோ சிந்தி, ரியூப்பில் காய்ந்து கிடந்தது. ரியூப்பை இழுத்தேன். சொலூசனும் கூட இழுபட்டது. விட்டேன். கூடச் சுருங்கியது. வெடிக்கவில்லை. இதைத்தான் இத்தனை வருடமும் கையில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

பெயின்ற் ரின்னின் அடியில் உறைந்திருந்த தடித்த வெள்ளையை எடுத்துச் சொலூசனோடு குழைத்தேன். புட்டு மா மாதிரிக் கட்டி கட்டியாக வந்தது. இளக்க வேண்டும். மண்ணெண்ணெய் விட்டால் காயாது, திரும்ப வடைதான். பெற்றோல் வேண்டும். ஊரில் பெற்றோல் ஒரே ஒரு சட்டைப் பையில் இருந்தது. அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள், பூசைக்கு முதல் நாள், அவரே வந்தார். கட்டியைப் பார்த்தார்.

"என்ன குறை?"

"இளக்கிறதுக்கு ஒண்டு வேணும்."

"என்னது?"

நான் கட்டியைக் குச்சியால் கிண்டினேன். மனைவி உள்ளேயிருந்து, "பெற்றோல் அண்ணை" என்றாள்.

அண்ணை வாங்குப் பலகையில் இருந்தார். பையிலிருந்து குப்பியை எடுத்தார். நகத்தால் மெழுகைச் சுரண்டினார்.

"எத்தினை சொட்டு?"

"நாலு காணும்."

நாலு விட்டார். குழைத்தேன். காணவில்லை. இன்னும் நாலு. அதுவும் போதவில்லை.

"அண்ணை, வையுங்கோ. காரை எடுக்கேக்கை வேணுமெல்லோ," என்றாள் மனைவி.

"உதுவும் கார்தானே பிள்ளை," என்று சொல்லிக் குப்பியைச் சரித்தார்.

கலவை பால் மாதிரி இளகியது. ரயர்களைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, துடைத்து, ஓரத்தை அரத்தாளால் மெல்ல உரஞ்சினேன். ஒரு தக்கையில் ரயரை இறுக்கி, தக்கையைச் சைக்கிள் கம்பியில் குத்தி உருட்டினேன். தூரிகை நின்ற இடத்தில் நிற்க, ரயர் சுற்றியது. மெல்லிசாக மூன்று கை. ஒவ்வொரு கையும் ஒரு வெற்றிலை போட்டு முடியக் காய்ந்தது. மனைவி இந்தமுறை கேட்டுவிட்டுத் தொட்டாள். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

அடுத்த நாள் அவருடைய அறையில் பூசை. பலகையில் திறப்பு, பக்கத்தில் கார், என்னுடைய இரண்டு தூரிகை. காருக்குச் சந்தனப் பொட்டு வைத்தார். வழக்கத்தில் சில்லுக்குக் கீழ் தேசிக்காய் வைத்து நசித்துத்தான் வண்டி எடுப்பார்கள். எங்கள் தேசி மரத்தடியில் உதிர்ந்த பிஞ்சில் நாலு பொறுக்கி வந்திருந்தாள் மனைவி. கடலை அளவு.

அவர் காரைத் தள்ளினார். ஏறவில்லை. கூரையில் உள்ளங்கையை வைத்து அமத்தித் தள்ளினார். ரயர் நசிந்தது. பிஞ்சும் நசிந்தது. கார் ஏறி இறங்கியது. நான் குனிந்து நாலு வளையத்தையும் பார்த்தேன்.

"வெடிக்கேல்லை அண்ணை."

"ஓம்."

சாம்பிராணியை மீறிப் பெற்றோல் மணந்தது. அவர் ஒருமுறை மூச்சை இழுத்துவிட்டார்.

"ஸ்ராட் பண்ணேக்கை உப்பிடித்தான் மணக்கும்," என்றார்.

பிறகு குப்பியை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அடியில் இரண்டு சொட்டுக் கிடந்தது.

"காரிலை சோக்கை நல்லா இழுத்தா, ஸ்ராட் பண்ண இது காணும்," என்று சொல்லி, மெழுகை உருக்கி மூடியை அடைத்துத் திரும்பவும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.