பின்னால இருந்த ரெண்டு நட்டு

இலங்கையில அரநாயக்கப் பக்கத்து ரப்பர் தோட்டத்துலதான் எங்களுக்கு வேலை. தோட்டத்த நடத்துற துரையோட கார் பழசு, அவருக்கு முன்னாடி இருந்த துரை விட்டுட்டுப் போன வண்டி. எம் புருஷந்தான் டிரைவர். ஓட்டுறது, தொடைக்கிறது, பழுது பாக்குறது எல்லாம் அவர்தான். எப்பவாச்சும் இஞ்சினோட மேல்மூடியக் கழட்டி, உள்ள பிடிச்ச கரியச் சுரண்டுவாரு. அந்த மூடிக்கு ஹெட்டுன்னு பேரு. சுரண்டுறது பெரிசில்ல, திரும்ப மாட்டி நட்டு இறுக்குறதுலதான் உயிர் போகும். நடுவுல தொடங்கி, இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சமா இறுக்கிட்டே வரணும். ஒண்ணு தளர்ந்தாலும் இஞ்சினச் சுத்தி ஓடுற தண்ணி உள்ள இறங்கிரும், வண்டி ஏத்தத்துல நின்னுரும்.

அதுல பின்னால ரெண்டு நட்டு, டிரைவர் கால் வைக்கிற இடத்துப் பலகையோட ஒட்டி ஒளிஞ்சுக்கிட்டு இருக்கும். எந்தப் படுபாவி அங்க கொண்டுபோய் வெச்சானோ. எம் புருஷனுக்கு உலக்கை மாதிரி கை, உள்ள போகாது. எனக்கு ஒல்லிக் கை, ரப்பர் மரத்துல பால் வெட்டுறதால மணிக்கட்டுல பலமும் இருந்துச்சு. அதனால தளர்த்துறதுக்கும் இறுக்குறதுக்கும் என்னையத்தான் கூப்பிடுவாரு. வளைச்சு வெச்ச குட்டி ஸ்பானரோட கைய விட்டு, கண்ணால பாக்காமலே தடவி இறுக்குவேன். "போதுமா?"ன்னு கேப்பேன். "இன்னும் ஒரு இழுப்பு, புள்ள"ம்பாரு. கலியாணம் கட்டி வந்த புதுசுல நாங்க சிரிச்சுப் பேசினதெல்லாம் அந்தக் கார் கொட்டகையிலதான். லயத்து வரிசை வீட்டுல எங்களுக்கு இருக்கிற ஒரே அறை, அந்தக் காம்பராவுல மாமியாள வெச்சுக்கிட்டு எங்க பேசுறது?

எனக்குத் தலைப்பிள்ளை வலி வந்த அன்னிக்குத் துரை கொழும்புக்குப் போயிருந்தாரு. அவர் வர்றதுக்குள்ள கரியச் சுரண்டிரலாம்னு எம் புருஷன் காலையிலயே ஹெட்டக் கழட்டிப் போட்டிருந்தாரு. பின்னால ரெண்டு நட்டையும் முந்தின நாள் நாந்தான் தளர்த்திக் குடுத்தேன். எனக்கு இன்னும் நாள் இருக்குன்னு நெனச்சிருந்தோம்.

எங்க லயத்துக்கு மருத்துவச்சி எம் மாமியாதான். வலி கண்ட வீட்டுல கட்டு, முடிச்சு, பூட்டு, மூடி எதுவும் இறுகிக் கெடக்கக் கூடாதுங்கிறது எங்க வழக்கம். அத்தை என் கொண்டைய அவிழ்த்தாங்க, தகரப் பொட்டியத் திறந்து வெச்சாங்க, அரிசிச் சாக்குக் கட்ட அவிழ்த்தாங்க. வெளிய கட்டியிருந்த ஆட்டக்கூட அவிழ்த்து விட்டாங்க. அது போயி பக்கத்து வீட்டுக் கீரைய மேய, அங்க ஒரு சண்டை. அந்த வலியிலயும் எனக்குச் சிரிப்பு வந்துச்சு.

மத்தியானமாகியும் பிள்ளை இறங்கல. தோட்டத்துல மருந்து குடுக்கிற டிஸ்பென்சர் ஐயா வந்து பாத்துட்டு, "நம்ம கையில இல்ல, கேகாலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க"ன்னாரு. மாட்டு வண்டியில போனா விடிஞ்சிரும். ஆபீசுல கணக்கெழுதுற கிளாக்கர் ஐயா நல்ல மனுஷன், "காரை எடு, துரைகிட்ட நான் சொல்லிக்கிறேன்"னாரு. எடுக்கிறதுக்குக் கார் எங்க இருக்கு? அதான் திறந்து கெடக்கே.

எம் புருஷன் ஓடிப்போயி ஹெட்ட மாட்டினாரு. எல்லா நட்டையும் இறுக்கினாரு, பின்னால ரெண்டத் தவிர. ரொம்ப நேரம் போராடிட்டு காம்பரா வாசல்ல வந்து நின்னாரு. கையெல்லாம் கிரீசு. எனக்குப் புரிஞ்சிருச்சு, எந்திரிச்சேன்.

அத்தை வாசல மறிச்சாங்க. "வலி கண்டவ போயி ஒண்ண இறுக்குறதா? வயிறு இறுகிரும். வேற பொம்பளையக் கூட்டிட்டுப் போடா."

"தடவிப் பாக்கத் தெரிஞ்சவ வேற யாரு இருக்கா? வண்டி நடுவழியில நின்னா ரெண்டு உயிரும் போயிரும். விடுங்க அத்தை"ன்னேன்.

அவங்க மகனப் பாத்தாங்க. அவர் தரையப் பாத்துக்கிட்டு நின்னாரு.

அவர் தோளப் பிடிச்சுக்கிட்டுக் கொட்டகைக்கு நடந்தேன். வலி வந்தா மட்கார்டப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன், விட்டதும் கைய உள்ள விடுவேன். இன்னும் ஒரு இழுப்புன்னு அவர் அன்னிக்குச் சொல்லல, நானாத்தான் இழுத்தேன். இஞ்சின் சூடேறினதும் மறுபடி ஒருதரம் இறுக்கியாகணும். அதுக்காக, கேகாலை போற வழியில மாவனெல்லைக்கு இந்தப் பக்கம், மழையில, ஓரமா நிறுத்தினாரு. இறங்கி இறுக்கினேன். அப்ப இரும்பு சுட்ட தழும்பு இந்தா, மணிக்கட்டுல இருக்கு. வண்டி எந்த ஏத்தத்துலயும் நிக்கல.

பொம்பளப் பிள்ளை பொறந்துச்சு. அழல. மூக்கும் நெத்தியும் அவரையே உரிச்சு வெச்சிருந்துச்சு. சிங்கள நர்சம்மா என் தலையத் தடவி, "கொடி கழுத்தச் சுத்தி இறுகியிருந்துச்சு நங்கி, நீ என்ன செய்வே"ன்னா. நங்கின்னா அவங்க பாஷையில தங்கச்சி. எங்க ரெண்டு பேருக்குமே சிங்களம் நல்லாத் தெரியும். அவரும் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாரு.

லயத்துல பேசினாங்க. பேசாம இருப்பாளுகளா? தண்ணி பிடிக்கிற பீலியடியில என் காதுபடவே, "வலி நேரத்துல போயி முறுக்கினாளே"ன்னாளுக. "நீங்க வந்து முறுக்கியிருக்கலாமேடி"ன்னு நானும் விடல. அத்தை பத்தியச் சோறு போட்டாங்க, தொட்டிலுக்கு வெச்சிருந்த சேலைய மடிச்சுப் பொட்டியில வெச்சாங்க. அவர், "உன் மேல என்ன தப்பு"ன்னாரு. அந்த ஒரு வார்த்தையப் பிடிச்சுக்கிட்டுத்தான் நான் எந்திரிச்சு நடமாடினேன், திரும்ப பால் வெட்டப் போனேன்.

மழைக்காலம் முடிஞ்சதும், ஒரு ஞாயித்துக்கிழமை, மறுபடி ஹெட்டு கழட்டப் போனாரு. நான் சீக்கிரமா வேலைய முடிச்சிட்டு, என்னையக் கூப்பிடுவாருன்னு வாசல்ல உக்காந்திருந்தேன். சாப்பாட்டு நேரம் தாண்டியும் கூப்பிடல. சோத்தக் கட்டிக்கிட்டுப் போனேன். பலகை இடுக்குல கைய நுழைச்சு, வேர்த்து ஒழுக, தடவிக்கிட்டு இருந்தாரு. அன்னிக்கு நான் இறுக்கின நட்டு. வெளிய எடுத்த கையப் பாத்தேன், விரல் முட்டியெல்லாம் தோல் உரிஞ்சு ரத்தம்.

"தள்ளுங்க, நான் பாக்குறேன்"ன்னு ஸ்பானருக்குக் கைய நீட்டினேன்.

ஸ்பானரப் பின்னால கொண்டுபோயிட்டாரு. "வேணாம் புள்ள. இனிமே நீ இதத் தொட வேணாம்."

கோவமாச் சொல்லல. கோவமாச் சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன். என் முகத்தப் பாக்காம சொன்னாரு. பீலியடியில பேசினவளுக சொன்னத இவரும் நம்பிட்டாருன்னு அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுச்சு. சோத்த மட்கார்டு மேல வெச்சிட்டு வீட்டுக்கு வந்துட்டேன்.