நாய்க்கடி ஊசி

போன வாரம் நண்பர் ஒருவர் பேப்பரை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "பார்த்தீங்களா சார்... நம்ம மாவட்டத்துல பால்வினை நோய் ஏறிப்போச்சாம். காலம் கெட்டுப்போச்சு!"

சிரித்துவிட்டேன். பின்னே? ஒரு காலத்தில் அந்தக் கணக்கை எழுதி அனுப்பிய ஆசாமிகளில் நானும் ஒருத்தன் ஆயிற்றே!

எழுபதுகளில் உத்திரமேரூர் பக்கம் நான் ஹெல்த் இன்ஸ்பெக்டர். கன்னியம்மா என்று ஒரு பெண். நடவு வேலைக்குப் போகிறவள், ஆறு மாதக் கர்ப்பிணி. ரத்தப் பரிசோதனையில் மேகநோய், அதாவது சிபிலிஸ், என்று வந்தது. ஊசி போட்டோம். ஆனால் புருஷனுக்கும் போடாவிட்டால்? நோய் திரும்ப ஒட்டிக்கொள்ளும். வயிற்றுப் பிள்ளை பிழைப்பதே சந்தேகம்.

புருஷன் முனுசாமியை அழைத்துவர ஜீப்பில் போனேன். ஜீப்பைப் பார்த்ததுதான் தாமதம் — ஆள் கரும்புக் கொல்லைக்குள் பாய்ந்துவிட்டான்! குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு அதே ஜீப்பில் ஆள் பிடித்த காலம் அது. வெறும் ஊசிதான் என்று கன்னியம்மா முன்பே வீட்டில் அவனிடம் சொல்லியிருந்தும் அவன் நம்பவில்லை.

எனக்குத் தர்மசங்கடம். ஊரே கூடிவிட்டது. நோயின் பெயரைச் சொன்னால் குடும்ப மானம் போகும். சொல்லாவிட்டால் பிள்ளை போகும். எரிச்சல் எரிச்சலாக வந்தது... அவன் மேல் இல்லை, எங்கள் ஜீப்பின் மேல்!

கன்னியம்மா வரப்பில் ஏறி நின்றாள்.

"யோவ்! நாய் கடிச்சதுக்கு ஊசி போடத்தான் சாரு வந்துகீறாரு. ஆபரேசன் இல்லய்யா! நானும் கூடவே வந்து நிக்கறேன்... நம்ம புள்ள வோணுமா, வாணாமா?"

கரும்பு அசைந்தது. முனுசாமி வெளியே வந்தான்.

"நாயா? எப்போ கடிச்சுது?" என்றார் பக்கத்தில் நின்ற பெரியவர்.

"அத்தெல்லாம் உனக்கு இன்னாத்துக்கு?" — ஒரே போடு! சபாஷ் என்று கத்தத் தோன்றியது எனக்கு.

அதோடு முடிந்ததா? அடுத்த வாரம் அதே ஊரிலிருந்து மூன்று பேர் வந்து தலையைச் சொறிந்தார்கள். "சார்... எங்களையும் நாய் கடிச்சிட்ச்சு."

'நாய்க்கடி' என்றால் எந்த ஊசி என்று முனுசாமி காதோடு காதாகச் சொல்லியிருக்கிறான்! மூவரில் இரண்டு பேருக்கு நோய் இருந்தது. அவர்களைப் பார்த்து இன்னும் பலர் வந்தார்கள். பெயர்களை பீரோவில் பூட்டிவிட்டு, எண்ணிக்கையை மட்டும் மேலே அனுப்பினேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு மெமோ வந்தது. 'உமது பகுதியில் நோய் திடீரென அதிகரித்தது ஏன்?'

நோய் எப்போதும் போலத்தான் இருந்தது ஐயா. ஒளிந்திருந்த ஆட்கள்தான் வெளியே வந்தார்கள்... எண்ணிக்கை ஏறினால் சில சமயம் சந்தோஷப்படவும் வேண்டும். இதை ஆபீஸ் பாஷையில் எப்படி எழுதுவதாம்?

பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தபோதே கன்னியம்மா வந்துவிட்டாள், கையில் குழந்தையோடு. சோதித்தோம். நோயின் சுவடே இல்லை.

மெமோவுக்கு ஒரே வரியில் பதில் எழுதினேன்: 'பெண் குழந்தை, தாயும் சேயும் நலம்.'